முப்பதுக்குப் பதினேழு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அம்மா, அறுபது வருடங்கள் கழித்து, 2019 ஆகஸ்டில் ஒரு பரீட்சை எழுதினார். நகரத்து மருத்துவமனை ஒன்றின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், கால் மணி நேரத்தில் முடிந்துபோன பரீட்சை. 30க்கு 17. வெளியே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "பாஸ்தானே?"

பள்ளிக்கூடக் கணக்குப்படி பாஸ்தான். 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்கிற ஊர் இது. ஆனால் இந்தப் பரீட்சையில் 24க்குக் கீழே போனால் ஃபெயில். அம்மாவின் கோப்பில் "டிமென்ஷியாவாக இருக்கக்கூடும்" என்று எழுதி, மாத்திரைச் சீட்டையும் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் அம்மாவிடம் "பாஸ்தாம்மா" என்றேன். பொய் சொன்னதாக அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

நாங்கள் மருத்துவமனைக்குப் போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய வருடம் அப்பா இறந்துபோனார். அதன்பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பார். பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொன்னார். கூப்பிட்டால் இரண்டாவது, மூன்றாவது தடவைதான் திரும்பினார். "அம்மாவுக்கு மறதிநோய் வந்துடுச்சுக்கா" என்று முதலில் சொன்னது என் தம்பி. மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவன். அம்மாவோடு இருக்கிறவள் நான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அந்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன். கேள்வி கேட்ட பையனைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த தாளை அவன் படித்தான், அவ்வளவுதான்.

"இன்னைக்கு என்ன தேதி பாட்டி?"

"ஆடி இருபத்திமூணு."

"இங்கிலீஷ் தேதி சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தார். நான் பேசக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாதம் சரி என்று ஒரு மதிப்பெண் போட்டவன், தேதிக்குப் பூஜ்யம் போட்டான். "என்ன வருஷம்?" என்றான். "அவரு போன மறு வருஷம்" என்றார் அம்மா. பூஜ்யம். எத்தனாவது மாடியில் இருக்கிறோம் என்று கேட்டான். அன்றுதான் அம்மா வாழ்க்கையில் முதன்முதலாக லிஃப்டில் ஏறியிருந்தார். கதவு மூடியது, திறந்தது, இறங்கினார். "மேல் மாடி" என்றார். பூஜ்யம்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னான். தொண்ணூற்று மூன்று என்று உடனே சொன்னார். "அதுல இருந்து இன்னொரு ஏழு" என்றான். "எதுக்கு?" என்று கேட்டார் அம்மா. பையனிடம் அதற்குப் பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள், யாரிடமும் பதில் இல்லாத கேள்விதான் அது. காலையும் மாலையும் சொசைட்டிக்கு ஊற்றிய பால் எத்தனை லிட்டர், தீவனத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள், கைக்கு எவ்வளவு வர வேண்டும் என்று முப்பது வருடம் மனதிலேயே கணக்கு வைத்திருந்தவர் அம்மா. சொசைட்டிக்காரர் இரண்டு ரூபாய் குறைத்தால் விடமாட்டார். அந்தக் கழித்தலுக்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கழித்தலுக்கு இல்லை. ஐந்து மதிப்பெண்ணில் ஒன்று.

ஒரு அட்டையில் எழுதியிருந்ததைப் படித்து அதன்படி செய்யச் சொன்னான். அம்மாவின் கண்ணாடி வீட்டில் இருந்தது. கண்ணாடி இருந்திருந்தாலும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அடுத்து, ஏதாவது ஒரு வாக்கியம் எழுதச் சொன்னான். "என்ன எழுதணும்?" "எது வேணா எழுதுங்க." அம்மா குனிந்து, நிதானமாக, தன் கையெழுத்தைப் போட்டார். காகிதத்தை நீட்டியவர்கள் எல்லோரும் அதுவரை அவரிடம் கேட்டிருந்தது அது ஒன்றைத்தானே. பெயர் வாக்கியம் ஆகாது. பூஜ்யம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னபோது பென்சில் அவர் விரலிடுக்கில் நிற்கவே இல்லை.

என்னை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. ஒரு தாளைக் கொடுத்து, வலது கையில் வாங்கி, இரண்டாக மடித்து, தரையில் போடச் சொன்னான். அம்மா வாங்கினார். மடித்தார். கீழே போடவில்லை, மேசை மீது வைத்தார். "கீழ போடுங்க பாட்டி" என்றான். "காகிதம் சரஸ்வதி தம்பி. கால் படுற எடத்துல போடக் கூடாது." ஒரு மதிப்பெண் போயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து வந்து ஆட்டுக்குட்டிகளையும் கைக்குழந்தைத் தங்கையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களே, அந்தப் பெண், தனக்கு மறுக்கப்பட்ட கல்வியின் மீது வைத்திருந்த மரியாதைக்காக அந்த மதிப்பெண்ணை இழந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா இழந்தவை 13 மதிப்பெண்கள். தேதி, வருடம், மாடி என்று 3. கழித்தல் 4. படிப்பது, எழுதுவது, வரைவது 3. காகிதம் 1. மீதி 2 மட்டும்தான், கொஞ்ச நேரத்துக்கு முன் சொன்ன மூன்று வார்த்தைகளில் மறந்துபோன இரண்டுக்காக. அந்த வார்த்தைகள் அம்மாவின் காதில் சரியாக விழுந்தனவா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இந்தப் பரீட்சைக்கு எம்.எம்.எஸ்.இ. என்று பெயர். 1975ல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மக்ஹ்யூ என்ற மூவர் உருவாக்கியது. படுக்கையில் இருக்கும் நோயாளியின் மனநிலையைச் சில நிமிடங்களில் மதிப்பிட ஒரு கருவி வேண்டும் என்று செய்தார்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று சல்லடை போடுவதற்குத்தான் அது உதவும், நோயைத் தீர்மானிப்பதற்கு அல்ல. இது உளவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் ஊர் மருத்துவமனைகளில் நெரிசலும் நேரமின்மையும் சேர்ந்து சல்லடையையே தீர்ப்பாக்கிவிடுகின்றன.

படிப்புக்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவு யாரும் கண்டுபிடிக்காத ரகசியம் அல்ல. 1993ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஊர்களில், வீடுகளில் வாழ்ந்துவந்த 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் இதே பரீட்சையை வைத்துப் பார்த்திருந்தார்கள். 9 வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. 5 முதல் 8 வருடம் படித்தவர்களுக்கு 26. 4 வருடமோ அதற்கும் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. அதாவது அவர்களில் பாதிப்பேருக்கு மேல் 24ஐத் தொடவே இல்லை. அமெரிக்காவிலேயே அப்படி. அது தெரிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, காவிரிக்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு 24 என்று கோடு போடுகிறார்கள்.

2005ல் வந்த மோகா என்ற பரீட்சை இன்னும் கடினமானது. கடிகாரம் வரைய வேண்டும், கனசதுரம் வரைய வேண்டும், சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் ஒட்டகத்தையும் படத்தில் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். அதில் முழு மதிப்பெண் வாங்கியதாக டொனால்ட் டிரம்ப் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டது நினைவிருக்கலாம். படிப்புக் குறைந்தவர்களுக்குச் சலுகையாக இதில் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள். யாருக்குத் தெரியுமா? 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு. பிளஸ் டூ முடித்தவருக்கும் ஒன்று, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவருக்கும் அதே ஒன்று. ஒரு பெண்ணின் பறிபோன பள்ளிப்பருவத்துக்கு இழப்பீடு ஒரு மதிப்பெண். இதைப் போதாது என்று உணர்ந்துதான் பள்ளி செல்லாதவர்களுக்காகத் தனியாக இன்னொரு மோகாவைப் பின்னால் உருவாக்கினார்கள். அது நம் பக்கத்து மேசைகளுக்கு எத்தனை வந்து சேர்ந்திருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு நான்கு வயது மூத்த அண்ணன் அவர். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சோறு. தாத்தா அவரைத் திருச்சியில் ஹாஸ்டலில் போட்டுப் படிக்கவைத்தார். மாமா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். அம்மா பிறந்த சமயத்தில் எடுத்த 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 9 பேர்கூட இல்லை. ஆண்களில் 27 பேர். அந்த 27ல் மாமாவும் சேர்ந்துகொண்டார், 9க்குள் அம்மா முக்கால்வாசி நுழைந்து திரும்பி வந்தார்.

அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு, 2017ல், மாமாவுக்கும் இதே பரீட்சை நடந்தது. அழைத்துப்போனவர் அத்தை. மாமா செக் புத்தகத்தை அரிசிக் குதிரில் ஒளித்துவைக்கிறார், வாங்கிய பென்ஷனை வாங்கவில்லை என்று பேங்க்கில் போய்ச் சண்டை போடுகிறார், விடியற்காலை நாலு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறார் என்று அத்தை சொல்லிப் பார்த்தார். மாமா 27 வாங்கினார். நூறிலிருந்து ஏழைக் கழிப்பதை அவர் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். கடகடவென்று சொல்லிவிட்டு டாக்டரையே பார்த்துச் சிரித்தாராம். "நான் நல்லாத்தான் இருக்கேன் சார். இவளுக்குத்தான் மறதி" என்றாராம். டாக்டரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நார்மல்" என்ற அந்தச் சான்றிதழோடு மாமா இன்னும் இரண்டு வருடம் குடும்பத்தை நடத்தினார். முகம் தெரியாத ஒருவனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஓய்வூதியப் பலனில் பெரும்பகுதி அதில் போயிற்று. அத்தை தடுக்கப் போனால் பிள்ளைகள் சொன்னார்கள்: "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு. நீ ஏம்மா அப்பாவப் பைத்தியக்காரன் ஆக்கற?" கரூர் பேருந்து நிலையத்தில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்து போலீஸ் கொண்டுவந்து விட்ட பிறகுதான் மறுபடியும் மருத்துவமனை, ஸ்கேன், அல்சைமர் என்ற சொல்.

படித்த மூளை இழப்பை நீண்ட காலம் மறைத்துக்கொள்ளும் என்பது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். ஆக, இந்த அளவுகோல் ஒரே நேரத்தில் இரண்டு தவறுகளைச் செய்கிறது. நோயில்லாத படிக்காத பெண்ணுக்கு நோய் என்கிறது. நோயுள்ள படித்த ஆணுக்கு நோயில்லை என்கிறது. இரண்டு தவறுக்கும் விலை கொடுப்பவர் ஒரு பெண்தான். இங்கே அம்மா, அங்கே அத்தை.

தொடக்கத்திலிருந்தே இந்த மேசையின் இரண்டு பக்கமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. 1901 நவம்பரில் ஃப்ராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அலோயிஸ் அல்சைமர் முதன்முதலாகக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டது ஆகஸ்தே டீட்டர் என்ற பெண்ணை. வயது 51. ரயில்வே எழுத்தரின் மனைவி. கொண்டுவந்து சேர்த்தவர் கணவர். பெயரை எழுதச் சொன்னார் அல்சைமர். அவரால் முழுதாக எழுத முடியவில்லை. கணவரின் பெயரைக் கேட்டதற்கும் தன் பெயரையே சொன்னார். அந்தக் கோப்பு காணாமல் போய் 1995ல்தான் கிடைத்தது. நோய்க்கு டாக்டரின் பெயர் நின்றது. ஆகஸ்தேவுக்கு உண்மையிலேயே நோய் இருந்தது, அதில் சந்தேகமில்லை. நான் சொல்வது, பதில் சொல்லும் நாற்காலியில் பெண் உட்கார்ந்திருப்பது அவ்வளவு பழைய காட்சி என்பதைத்தான்.

சரி, எழுத்தும் எண்ணும் வேண்டாம், அன்றாட வேலைகளைக் கொண்டு அளக்கலாமே என்று கேட்பீர்கள். அளந்தார்கள். 1969ல் பவல் லாட்டன், எலைன் பிராடி என்ற இருவர் அமெரிக்காவில் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மாத்திரை, பணம் என எட்டு வேலைகள். இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் பெண்ணுக்கு மொத்தம் 8 மதிப்பெண். ஆணுக்கு 5. ஏனென்றால் சமையலும் வீட்டு வேலையும் துணி துவைப்பதும் ஆணிடம் கேட்கப்படவில்லை. அவர் எப்போதும் செய்திராத வேலையைச் செய்யவில்லை என்பதற்காக அவரைக் குறைத்து மதிப்பிடக் கூடாதாம். எவ்வளவு நியாயம் பாருங்கள்! செய்யப் பழகாத வேலைக்காக ஆணிடம் மதிப்பெண்ணைப் பிடிக்கக் கூடாது என்று 1969லேயே தோன்றிவிட்டது. எழுதப் பழகாத பெண்ணிடம் எழுதச் சொல்லிப் பிடிக்கலாம். இப்போது பல இடங்களில் ஆண்களிடமும் எட்டையும் கேட்கிறார்கள். ஆனாலும் நம் வீடுகளில் அந்த ஐந்து இன்னும் ஐந்தாகத்தான் இருக்கிறது. மாமா ஓய்வு பெற்ற பிறகு செய்த வேலை செய்தித்தாள் படிப்பது. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தால்தான் யாராவது கவனித்திருப்பார்கள். அம்மா ஒருநாள் ரசத்துக்கு உப்பை மறந்தாலோ வீட்டில் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும்.

"அப்படியென்றால் பெண்களுக்குச் சமையலும் கோலமும் வைத்தே சோதனை நடத்தலாமே" என்று ஒரு தோழி சொன்னார். பெண்ணின் அறிவை மதிப்பது போலத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுபது வருடம் அடுப்படியில் அடைத்தோம், அதனால் பரீட்சையையும் அங்கேயே வைப்போம் என்பது என்ன மரியாதை? இருபது புள்ளிக் கோலம் எல்லா வாசலிலும் போடப்படுவதில்லை, எல்லாப் பெண்ணுக்கும் வாசலும் இல்லை. கரும்பு வெட்டப் போகிறவரிடமும் செங்கல் சூளையில் வேலை செய்கிறவரிடமும் போய்ச் சாம்பார் செய்முறையைக் கேட்பீர்களா? ஒருத்தி என்ன வாழ்ந்தாளோ அதிலிருந்துதான் கேட்க வேண்டும். அதற்கு முதலில் அவள் என்ன வாழ்ந்தாள் என்று தெரிந்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் அது நடக்காது.

நடத்த முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 1990களில் எச்.எம்.எஸ்.இ. என்ற ஹிந்திச் சோதனையை உருவாக்கினார்கள். அட்டையைப் படித்துக் கண்ணை மூடு என்பதற்குப் பதில், கேட்பவர் தன் கண்ணை மூடிக்காட்டி, அதேபோலச் செய்யச் சொல்வார். வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்பார். மொழிபெயர்ப்பது வேறு, மாற்றி அமைப்பது வேறு என்பது இந்த இரண்டு வரியில் புரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பல நாட்டிலிருந்து குடியேறியவர்களுக்காக 2004ல் வந்த ருடாஸ் என்ற சோதனையில், நினைவில் வைக்கச் சொல்வது கடைச் சாமான்களை: டீத்தூள், எண்ணெய், முட்டை, சோப்பு. சிக்னல் இல்லாத சாலையை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் அம்மா அரை மணி நேரம் பதில் சொல்வார்.

எனக்கு மிகவும் நெருக்கமானது 10/66 என்ற ஆய்வுக் குழு செய்த வேலை. டிமென்ஷியா உள்ளவர்களில் 100க்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதில்லை என்பதையே பெயராக வைத்துக்கொண்டவர்கள். 2003ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், டிமென்ஷியா உள்ளவர்களோடு கூடவே, படிப்பில்லாத ஆனால் நோயில்லாதவர்களையும், மனச்சோர்வு உள்ளவர்களையும் தனித்தனிக் குழுக்களாகச் சேர்த்திருந்தார்கள். தங்கள் கருவி இவர்களைத் தவறாக நோயாளி ஆக்கிவிடக் கூடாது என்று பார்ப்பதற்காக. பிறகு அதே குழு நடத்திய கணக்கெடுப்பில் வேலூர்க் கிராமங்களும் சென்னையும் இருந்தன. அவர்கள் முறையில் நோயாளியிடம் கேட்பது பாதிதான். கூட வாழ்கிறவரிடம் தனியாக உட்கார்ந்து கேட்பது மறுபாதி. முன்பு இருந்ததற்கு இப்போது என்ன மாறியிருக்கிறது, எதை விட்டுவிட்டார், எங்கே வழி தவறினார் என்று கேட்டு, அதற்கும் மதிப்பு போடுகிறார்கள். அத்தையின் வாய்க்கு எண்ணிக்கையில் ஓர் இடம் இருக்கிறது அங்கே. நம் மருத்துவமனைகளில் அத்தை பேசினால் அது புலம்பல். மகன் வந்து பேசினால் தகவல்.

படிப்பு இல்லாததால் பரீட்சையில் தோற்கிறார்கள், மற்றபடி பெண்களுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லிவிட்டுப் போக முடியாது. அது பொய்யாகிவிடும். 2023ல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் ஆணையம் போட்டிருக்கும் பட்டியலில் குறைந்த கல்வியும் இருக்கிறது. கேட்கும் திறன் குறைவதும் மனச்சோர்வும் இருக்கின்றன. ஒரு பெண் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறவர்கள் அவள் முதுமையில் நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறார்கள், நோய் இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்லும் அளவுகோலில் அவளை மாட்டியும் விடுகிறார்கள். அதனால்தான் சரியான சோதனை பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாகத் தேவை. சோதனையே வேண்டாம் என்று நான் எழுதுவதாக யாரும் புரிந்துகொள்ள வேண்டாம்.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்றால், தம்பி அந்த 17ஐப் பிடித்துக்கொண்டான். பால் சொசைட்டி பாஸ்புக்கும் பேங்க் புத்தகமும் அவன் கைக்குப் போயின. "அம்மாவால இனிமே எதையும் பாத்துக்க முடியாதுக்கா. டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாங்க." அம்மாவின் பெயரில் இருக்கும் அரை ஏக்கரைப் பற்றி, அம்மா உட்கார்ந்திருக்கும்போதே, அம்மா அங்கே இல்லாதது போல, நானும் அவனும் சண்டை போட்டோம். "எங்க கைநாட்டு வைக்கணும்னு சொல்லுங்கடா, வைக்கிறேன்" என்றார் அம்மா. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் கைநாட்டு என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பேச வரவில்லை.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானித்தால்கூட அதனாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்கிறது. அதை நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும். 1872லிருந்து இருக்கும் ஒப்பந்தச் சட்டமும், கையெழுத்துப் போடும் அந்த நேரத்தில் விஷயம் புரிந்து, தனக்கு அதனால் என்ன ஆகும் என்று எடைபோட முடிகிறதா என்றுதான் கேட்கிறது. 30க்கு எத்தனை என்று கேட்கவில்லை. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் வழக்குகளுக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் வந்து சேர்வதில்லை. அங்கே மருத்துவமனை முத்திரை குத்திய ஒரு எண் போதும், ஒரு பெண்ணின் வாயை மூடுவதற்கு.

நான்கு மாதம் கழித்து வேறோர் ஊருக்கு அம்மாவை அழைத்துப்போனேன். அங்கே இருந்த உளவியலாளர் ஒரு பெண். முதலில் காதைப் பார்க்க அனுப்பினார். ஒரு காது ஏறக்குறைய கேட்கவே இல்லை. கண்ணில் புரை. பிறகு, "இவங்களோட வீட்ல கூடவே இருக்கறது யாரு?" என்று கேட்டு, என் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவோடு முக்கால் மணி, என்னோடு முக்கால் மணி. அம்மாவிடம் பால் கணக்கைக் கேட்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். ஒன்றரை வருடத்தில் அன்றுதான் அம்மா வாய்விட்டு அழுததைப் பார்த்தேன். மனச்சோர்வு என்றார்கள். டிமென்ஷியா இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார்கள். பார்த்தோம். இல்லை. இன்று அம்மா காதில் கருவியோடு பேரப்பிள்ளைகளைச் சரியான பெயர் சொல்லித் திட்டுகிறார். பாஸ்புக்கைத் தம்பியிடமிருந்து வாங்க மட்டும் இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

இதை வாசிக்கும் மாணவிகளில் சிலர் உளவியலும் செவிலியமும் படிப்பவர்களாக இருப்பீர்கள். நாளைக்கு அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கும். நெரிசல் இருக்கும், வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், எனக்குத் தெரியும். காது கேட்கிறதா, கண்ணாடி இருக்கிறதா, எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனீர்கள், வீட்டில் யார் இறந்தார்கள் என்று கேட்க நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று அந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கூட வந்த பெண் பேச வாயெடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு இப்போது 74 வயது. மாமாவுக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, இரவில் கதவைத் தாழிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தூங்குகிறார். போன வாரம் பார்க்கப் போயிருந்தபோது, மாமா கேட்காத தூரத்துக்கு என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சொன்னார்: "எனக்கும் மறக்குதுடி. சாவிய எங்க வச்சேன்னு நேத்து ரெண்டு மணி நேரம் தேடுனேன். முந்தானையிலதான் இருந்துச்சு. யார்கிட்ட சொல்ல?" களைப்பாக இருக்கலாம், தூக்கமின்மையாக இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். அந்த உளவியலாளரிடம் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அன்று மாமாவோடு யார் இருப்பது என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறோம். லீவு கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.